உடம்பே சாட்சி

டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள் என்றதும் ஜிம் மாஸ்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. அதற்காக அவன் மனைவி ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. இப்போது புதிதாகப் பார்க்கிற டாக்டர், அடுத்த முறை வீட்டுக்காரரையும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாஸ்டர் பீரோ கண்ணாடி முன்னால் நின்று பனியனைக் கழற்றித் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இந்த உடம்பின் மேலா சந்தேகம் என்று நினைத்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வட்டாரத்தில் அவன் உடம்பை நம்பாதவர்களே கிடையாது. அவன் வேலை பார்க்கும் ஜிம்மின் வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குவது அவன் படம்தான். கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்பான். கீழே 'உழைப்பு மட்டுமே' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த வாசகம் முதலாளியின் சொந்தச் சரக்கு. அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் மாஸ்டர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பார்கள். முட்டை, தூக்கம், ஒழுக்கம் என்று மாஸ்டர் மூன்று விரலை மடக்கிக் காட்டுவான். நான்காவது விரலை மடக்கியதே இல்லை. அது முதலாளியின் மேஜை இழுப்பறையில், சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், எண்ணெய் மருந்தாக இருந்தது. வாரம் தவறாமல் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முதலாளியே இடுப்பில் குத்திவிடுவார். ஜிம்காரர்கள் பேச்சில் அதற்குக் 'கோர்ஸ்' என்று பெயர். ஏதோ டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிற மாதிரி.

இத்தனைக்கும் மாஸ்டர் வேலை தெரிந்தவன். காலையில் வருகிற தையல்கடை அம்மாவைக் கேட்டால் சொல்லுவார். எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்ற நிலையில் அவரை மகள் இழுத்துக்கொண்டு வந்து விட்டாள். மாஸ்டர் அவரை முதலில் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தான். பிறகு தண்ணீர் பாட்டில் கனத்துக்கு ஒரு எடை, அப்புறம் அதைவிடக் கொஞ்சம் கூட என்று அவசரப்படாமல் ஏற்றினான். ஒரு வருஷம் போவதற்குள் அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் மாடியேறித் துணி காயப்போட ஆரம்பித்தார். சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஊசி இல்லை, பவுடர் இல்லை. இரும்பைத் தூக்கி இறக்குவதால் மனிதருக்கு என்ன நன்மை உண்டோ அது முழுவதும் அவர் முழங்காலில் தெரிந்தது. வாசலில் அவர் படத்தை மாட்டலாமே என்று மாஸ்டர் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். முதலாளிக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அந்த அம்மா மாடியேறுவதைப் பார்த்து எவன் ஜிம்மில் சேருவான் என்று கேட்டார்.

டெஸ்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மாஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஆம்பளைக்கு ஆண்மை எதனால் வருகிறது? ஆண் ஹார்மோனால். குப்பியில் இருப்பது என்ன? அதே ஆண் ஹார்மோன். ஆகையால் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. ஜிம்முக்கு வெளியே இருக்கிற யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. ஜிம்முக்கு உள்ளே இருக்கிற யாருக்கும் இதிலுள்ள தப்பு தெரிந்திருக்காது. இந்த வாரம் இரண்டு பங்காகப் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டான். ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவருக்கும் இல்லை. ராத்திரி பகலாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல மாஸ்டர் தெம்பாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தான்.

முடிவைச் சொல்லக் கூப்பிட்ட அன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்று ஸ்டாக் எடுக்கிற நாள். மாஸ்டர் மட்டும் போனான். டாக்டர் முதலில் அவன் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். சாதாரணப் பட்டை அவன் புஜத்துக்கு எட்டாமல் நர்ஸ் பெரியதாக வேறொன்று தேடிக்கொண்டு வந்தாள். அதில் மாஸ்டருக்கு உள்ளூரப் பெருமைதான். டாக்டர் அழுத்தத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு, விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்றார்.

ஆள் மாறிவிட்டது, வேறு யாருடையதோ என்றான் மாஸ்டர். டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்ன ஊசி போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார். புரோட்டீன் பவுடர் மட்டும்தான் என்று மாஸ்டர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தான். டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதைப் பார்த்ததும் மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு பங்கு போட்டுக்கொண்டதையும் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"வெளியில இருந்து சாப்பாடு வந்துக்கிட்டே இருந்தா வீட்ல யாரு அடுப்பு பத்த வைப்பாங்க? உங்க உடம்பு அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துடுச்சு" என்றார். "ரெண்டு பங்கு வந்தா இன்னும் நல்லா அணைச்சுடும். அவ்வளவுதான்."

எல்லா ஊசியையும் விட வேண்டும் என்றார். ஆனால் தானாக விடக்கூடாது. இதற்கென்று இருக்கிற டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொல்கிறபடி விட வேண்டும். உடம்பு இளைக்கும், மனசு சோர்ந்துபோகும், தாங்கிக்கொள்ள வேண்டும். அடுப்பு மறுபடி எரிய மாதக்கணக்கு ஆகலாம், வருஷமும் ஆகலாம். சில பேருக்கு எரியாமலே போவதும் உண்டு. இதயத்தையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மனைவியிடம் தவறு எதுவும் இதுவரை தெரியவில்லை, அவளுக்கு இனி ஒரு மாத்திரைகூட வேண்டாம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்றார்.

நல்ல மனிதர். அவர் சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மாஸ்டர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து வண்டியை எடுக்கும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பின்னால் கடையில் யாரோ எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வருஷக்கணக்கில் பழகிய நாக்கு அது. தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

"எனக்கு எல்லாம் நார்மலாம்" என்றான்.

அந்தப் பக்கம் எண்ணிக்கை சொல்லும் குரல் தூரமாகப் போனது.

"அப்ப எனக்குத்தான்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து மாஸ்டர் தானே போட்டுக்கொண்ட பூட்டுக்குள் மாட்டிக்கொண்டான். சாவி அவன் கையில்தான் இருந்தது. திறந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்பதுதான் பிரச்சினை. யாருக்கும் தெரியாமல் ஊசியை நிறுத்திவிடுவது, சில மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் பேச்சுக்கே இடமில்லை என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டான். இன்னொரு டாக்டரைப் பார்த்தால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் என்று அங்கேயும் போகவில்லை. பழைய டாக்டரிடம் மனைவியை மறுபடி அழைத்துப் போகவும் இல்லை. அந்த ஆள் சும்மா காசு பிடுங்குகிறவன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

வீட்டில் மாஸ்டரின் அம்மாவும் கூட இருந்தாள். மகன் உடம்பு என்றால் அவளுக்கு உயிர். அக்கம்பக்கத்தில் யாராவது குழந்தையைப் பற்றிக் கேட்டால், என் பிள்ளையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள், சொல்லவும் தேவையில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற மருமகளுக்கு அது கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் மருமகள், அவரும் ஒரு டெஸ்ட் எடுக்கட்டும் அத்தை என்று பதில் கொடுப்பாள். இப்போது அந்த வாயும் அடைத்துவிட்டது. டெஸ்ட் எடுத்தாகிவிட்டதே. மாமியார் குத்திப் பேசும்போது தலையைக் குனிந்துகொள்வாள். மாஸ்டரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். இரண்டு பேரும் குனிந்திருப்பதைப் பார்த்து அம்மா இன்னொரு கரண்டி அவனுக்குப் போடுவாள்.

ஊசி நின்ற சில வாரத்தில் டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. தோள்பக்கம் சட்டை தொளதொளத்தது. காலையில் எழுந்திருக்கவே மலைப்பாக இருந்தது. விளையாட்டாகத் தூக்கிய எடைகள் இப்போது விளையாட்டுக் காட்டின. காரணமில்லாமல் அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். மனைவி பக்கத்தில் படுத்தால் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை, பயம் மட்டும் தோன்றியது. அவள் அதைக் குழந்தை ஏக்கம் என்று புரிந்துகொண்டாள். ஒருநாள் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "என்னாலதான உங்களுக்கு இவ்வளவு கவலை" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அந்த நிமிஷம் மாஸ்டருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

சும்மா இருக்க அவளால் முடியவில்லை. கடையில் கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள் என்று வேறொரு ஆஸ்பத்திரியை அவளே கண்டுபிடித்தாள். அங்கே இருந்த டாக்டரம்மா கணவனின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். எங்கேயோ வைத்துவிட்டேன், எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள் என்றான் மாஸ்டர். டாக்டரம்மா அவனை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தார். இளைத்திருந்தாலும் அவன் நாற்காலி கொள்ளாமல்தான் உட்கார்ந்திருந்தான். சரி என்று எழுதிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பிவிட்டார். மயக்க மருந்து கொடுத்து, தொப்புளில் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுக் கர்ப்பப்பைக் குழாயைப் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் அப்போதே சரி செய்துவிடலாம் என்றார். தேதியும் குறித்தாகிவிட்டது. மாஸ்டர் காலண்டரில் நாளை எண்ணினான். அதற்குள் தன் உடம்பு சரியாகிவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தான். எப்படித் தப்பிப்பது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

இதே சமயத்தில் முதலாளி இன்னொரு கிளை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்குப் புதுப் படம் வேண்டும். ஸ்டோர் ரூமில் கூப்பிட்டு மாஸ்டரின் புஜத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், பழம் வாங்குகிறவர் மாதிரி. வாசல் படத்தில் இருக்கிறவரும் நீங்களும் அண்ணன் தம்பி என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். மாஸ்டரிடம் தனியாகப் பயிற்சி எடுத்தவர்களில் சில பேர் ஏற்கெனவே வேறு ஜிம்முக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள். பக்கத்து ஜிம்மில் ஒரு ஆள் இருக்கிறான், கூப்பிட்டால் நாளைக்கே வருகிறேன் என்கிறான், நான்தான் பழகிய தோஷத்துக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று முதலாளி பெருமூச்சு விட்டார். தையல்கடை அம்மா மட்டும் மாஸ்டரை விடவில்லை. ஆனால் அந்த அம்மா கட்டுகிற பணத்தில் ஒரு வீடு நடக்காது. வேறு தொழிலும் மாஸ்டருக்குத் தெரியாது. உடம்பு இல்லாத ஜிம் மாஸ்டரை எங்கேயும் எடுக்க மாட்டார்கள்.

டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று மென்று விழுங்கிச் சொன்னான். குழந்தை விஷயம் என்றும் சொன்னான். முதலாளிக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை.

"போட்டோ எடுக்கற வரைக்கும் போட்டுக்கோங்க மாஸ்டர். அப்புறம் நிறுத்திக்கலாம். குழந்தை எங்க ஓடிப் போகப் போகுது?" என்றார்.

மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று டிராயரைக் கீழே இறக்கினான். குத்தும்போது வலிக்கவே இல்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியது போல ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்துத்தான் பிறகு தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆபரேஷனுக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை.

ஆபரேஷன் அன்று காலையில் மனைவிக்குப் பச்சை அங்கி மாட்டி, தலைமுடியை இரண்டாகப் பின்னித் துணிக்குல்லாய் போட்டுவிட்டிருந்தார்கள். புறங்கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து, மயக்க மருந்தில் வருகிற ஆபத்துகளைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, கணவர் கையெழுத்து இங்கே என்று விரலால் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட்டதால் தாளையும் பேனாவையும் அவனிடம் விட்டுவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பயமா இருக்கு" என்றாள் மனைவி. "பரவால்ல. என்கிட்ட என்ன தப்புன்னாவது தெரிஞ்சுடும்ல."

மாஸ்டர் பேனாவைத் தாளில் வைத்தான். முதல் எழுத்தைக்கூடப் போட்டுவிட்டான். பிறகு கை நகரவில்லை. அவள் இந்த வயிற்றோடுதான் இத்தனை நாள் மாத்திரை விழுங்கினாள், இந்த வயிற்றைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிழிக்கப் போகிறார்கள், இதில் ஒரு தப்பும் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் அது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று தோன்றியபோது பேனாவைக் கீழே வைத்தான்.

"உன்கிட்ட தப்பு இல்ல" என்றான். "குறை எனக்கு."

பயத்தில் உளறுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் கையைத் தட்டிக்கொடுக்கக்கூட வந்தாள். அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். ஊசி, முதலாளி, இரண்டு பங்கு, டாக்டர் சொன்னது, தான் போனில் சொன்னது. சொல்லச் சொல்ல அவள் கை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தன் வயிற்றின்மேல் போய் நின்றது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ ஸ்டாக் எடுத்தல்ல, அன்னிக்கே."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. தன் மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டதும் அதில் ஒன்று.

"இப்ப நிறுத்தியாச்சா?"

இந்தக் கேள்வியில்தான் அவளுக்கு ஒரு துளி நம்பிக்கை மிச்சமிருந்தது. அது மாஸ்டருக்கும் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், நாக்கு தயாராகவே இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது முறையும் உண்மையைச் சொன்னான்.

"நிறுத்தினேன். போன வாரம் மறுபடி போட்டுக்கிட்டேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் கையில் இருக்கிற ஊசியை எடுத்துவிடச் சொன்னாள். நர்ஸ் என்ன ஏது என்று பதறினாள். டாக்டரம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி, ஊசியை எடுத்ததும் அவளை அனுப்பினாள். குல்லாயைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்த் தன் துணியை மாற்றிக்கொண்டு வந்தாள். மோதிரத்தை அவன் நீட்டினான். அவள் வாங்கவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து தன் போனை எடுத்தாள், மாமியார் எண்ணை அழுத்தினாள், ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் விரிப்பின்மேல் வைத்தாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

முதல் மணி அடித்ததுமே அம்மா எடுத்துவிட்டாள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்னம்மா, முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? உன் வயித்துல என்ன இருந்துச்சாம்?"

"அம்மா, நான்தான்" என்றான் மாஸ்டர். "ஆபரேஷன் நடக்கல. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். டாக்டர் அப்பவே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டான். ஒருவழியாக முடிந்தது என்று மார்பில் ஏதோ இறங்கியது. திட்டட்டும், அழட்டும், எதுவானாலும் இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. அம்மா பேசியபோது குரல் தாழ்ந்து, குழைந்து வந்தது.

"அவ பக்கத்துல இருக்காளா? அழறாளா? அவ அழுதா நீ இப்படித்தான்டா இளகிப் போவ. எனக்குத் தெரியாதா உன்னை? பொண்டாட்டியக் காப்பாத்தறதுக்காகப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்காத. உன்னைப் பெத்தவடா நான். உன் உடம்பைப் பாத்துட்டு இதை யாரு நம்புவாங்க?"

மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அவன் தோளை, மார்பை, கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னது எது என்று இப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது போலிருந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். ஊசி என்றான், வருஷக்கணக்காகப் போடுகிறேன் என்றான், ஒரு உயிரணுகூட இல்லை என்றான். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துத் திரைகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. அம்மா மறுமுனையில் அழ ஆரம்பித்தாள். இப்படி ஒரு தங்கமான பிள்ளையைப் பெற்றதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவளுக்குத்தான் அந்த அருமை தெரியவில்லை என்று சொல்லி அழுதாள்.

மனைவி போனை அணைக்கவில்லை.

"மறுபடி" என்றாள்.

அவன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.